கடலடியில் இருக்கும் கதவை யார் வந்து திறப்பார்கள்

2021 ஏப்ரல் 22, வியாழக்கிழமை காலை விசாகப்பட்டினத்திலிருந்து அண்ணன் போன் செய்தார். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். நாகர்கோவிலில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்ததால் கூடப் பிறந்தவர் மாதிரிதான். சின்ன வயதிலேயே கடற்படையில் சேர்ந்து, சேவைக் காலத்தில் பெரும்பகுதியை நீர்மூழ்கிக் கப்பலுக்குள், ஒலியை வைத்துக் கடலுக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவி முன்னால் உட்கார்ந்தே கழித்தவர், ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். அது கொரோனா இரண்டாம் அலை நேரம், யாருடைய போன் வந்தாலும் வயிற்றைக் கலக்கும் நாட்கள். "எல்லாரும் சுகம்தானே? மைனிக்கு ஒண்ணும் இல்லியே?" என்று படபடவென்று கேட்டேன். மைனி என்றால் அண்ணி. அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "மக்ளே, பாலி பக்கத்துல ஒரு சப்மரீனைக் காணல. அம்பத்தி மூணு பேரு உள்ள இருக்கானுவ. சனிக்கிழமை வெளுப்பாங்காலம் வரைக்கும்தான் ஆக்சிஜன் தாங்கும்" என்றார்.

இந்தியா முழுவதும் ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஓடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், முகம் தெரியாத 53 இந்தோனேசியர்களின் ஆக்சிஜனை அண்ணன் மணிக்கணக்கு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அது எனக்கு முதலில் புரியவில்லை. அடுத்த மூன்று நாட்களில் அவர் எத்தனை தடவை போன் செய்தார் என்று எண்ணவில்லை, ஆனால் அந்த மூன்று நாட்களில்தான் கடற்படைகளின் கூட்டுப் பயிற்சி என்பதைப் பற்றி நான் அதுவரை வைத்திருந்த எண்ணம் மாறியது. ரொம்ப நாளாக எழுத நினைத்து எழுதாமல் விட்டது இது.

காணாமல் போன கப்பலின் பெயர் நங்காலா, கேஆர்ஐ நங்காலா 402. ஜெர்மனியில் கட்டி 1981-இல் இந்தோனேசியக் கடற்படையில் சேர்ந்தது. ஏப்ரல் 21 அதிகாலையில் பாலித் தீவுக்கு வடக்கே, தண்ணீருக்குள் பாய்ந்து போகும் டார்பிடோ குண்டுப் பயிற்சிக்காக முங்கியது, அப்புறம் பதில் இல்லை. மின்சாரம் போய்விட்டால் உள்ளே இருக்கும் காற்று 72 மணி நேரம் தாங்கும் என்று அந்த நாட்டுக் கடற்படை சொன்னது. அண்ணன் சொன்ன சனிக்கிழமைக் கணக்கு இதுதான்.

அடுத்து நடந்ததைத்தான் நான் ஆச்சரியத்தோடு கவனித்தேன். சிங்கப்பூர் தன்னுடைய எம்வி ஸ்விஃப்ட் ரெஸ்க்யூ என்ற மீட்புக் கப்பலை அன்றைக்கே அனுப்பிவிட்டது. மலேசியாவிலிருந்து ஒரு மீட்புக் கப்பல் கிளம்பியது. ஆஸ்திரேலியா இரண்டு கப்பல்களை அனுப்பியது. அமெரிக்கா கடலைக் கண்காணிக்கும் பொசைடன் விமானத்தை அனுப்பியது. 22-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலிருந்து நம்முடைய ஆழ்கடல் மீட்பு வாகனம் (டிஎஸ்ஆர்வி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்) கப்பலில் ஏற்றப்பட்டுப் புறப்பட்டது. அண்ணன் காலையில் போன் செய்ததே அதைச் சொல்லத்தான். துறைமுகத்தில் பழைய ஆட்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நம்ம பயக்க கிளம்பிட்டானுவ" என்றார், தானே கிளம்பியது போன்ற குரலில்.

இத்தனை நாடுகளுக்கும் ஒரே நேரத்தில் தகவல் எப்படிப் போனது என்று கேட்டேன். அப்போதுதான் இஸ்மெர்லோ என்ற பெயரை முதன்முதலில் கேள்விப்பட்டேன். உலகத்தில் எங்கே நீர்மூழ்கிக் கப்பல் விபத்துக்குள்ளானாலும் யாரிடம் மீட்பு வாகனம் இருக்கிறது, எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது, எதில் ஏற்றலாம், எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும் என்பதையெல்லாம் ஒருங்கிணைக்கும் அலுவலகம் அது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணி தொடங்கியதுதான், ஆனால் நேட்டோவில் இல்லாத நாடுகளும் அதைப் பயன்படுத்துகின்றன. விபத்து நடந்த நாடு அங்கே ஒரு செய்தி போட்டால் போதும், மற்ற நாடுகள் என்னால் இது முடியும் என்று கை தூக்குகின்றன.

சனிக்கிழமை விடிந்தது. அன்று கடலில் மிதந்த சில பொருட்களை எடுத்தார்கள். டார்பிடோ குழாயின் ஒரு பகுதி, கிரீஸ் புட்டி, தொழுகை விரிப்பு. ஞாயிற்றுக்கிழமை, 838 மீட்டர் ஆழத்தில் கப்பல் மூன்று துண்டாகக் கிடப்பதை சிங்கப்பூர் கப்பலின் ரோபோ கேமரா காட்டியது. அந்த ஆழத்தை நங்காலாவின் உடல் தாங்கவே தாங்காது. எந்த நாட்டு மீட்பு வாகனம் போயிருந்தாலும் காப்பாற்ற யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள், நம்முடையதோ 650 மீட்டர் வரைக்குமானதுதான். 53 பேரும் போய்விட்டார்கள். நடுவழியில் இருந்த நம் கப்பல் திரும்பியது. அன்று அண்ணன் பேசவில்லை, மைனிதான் பேசினார். "ராத்திரி முழுக்க உறங்கல. இன்னைக்கு ஒரு வாய் சோறு இறங்கல அவருக்கு" என்றார்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் அந்தக் கப்பலின் உடைந்த பாகங்களைத் தேடி எடுக்க உதவியது சீனக் கடற்படை, மூன்று கப்பல்கள் வந்தன. அதற்கு முந்தைய வருடம்தான் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்திருந்தார்கள், தென் சீனக் கடலில் அமெரிக்காவும் சீனாவும் முறைத்துக்கொண்டிருந்த காலம் வேறு. நேருக்கு நேர் நின்று பேசவே தயங்கும் நாடுகள், ஒரே விபத்துக்காக ஒரே கடலுக்கு ஒரு மாத இடைவெளியில் வந்து போயின.

சரி, இதற்கும் கூட்டுப் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம் என்றால், சம்பந்தமே அதில்தான் இருக்கிறது.

கூட்டுப் பயிற்சி என்றவுடன் என் மனதில் வருவது 2017 ஜூலை. சென்னைக்கு அப்பால் வங்காள விரிகுடாவில் மலபார் பயிற்சி நடந்தது. அமெரிக்காவின் நிமிட்ஸ், நம்முடைய விக்ரமாதித்யா, ஜப்பானின் இசுமோ என மூன்று பெரிய கப்பல்களும் வரிசையாகப் போகும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நான் அப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், அலுவலகத்தில் எல்லாரும் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள். பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. மலபார் 1992-இல் இந்தியாவும் அமெரிக்காவும் மட்டும் சேர்ந்து தொடங்கியது. 1998-இல் நாம் பொக்ரானில் அணுகுண்டு சோதித்ததும் நின்றது, 2002-இல் மறுபடி தொடங்கியது. 2015 முதல் ஜப்பான் நிரந்தரமாகச் சேர்ந்தது. 2020-இல் ஆஸ்திரேலியாவும் வந்தது. இதெல்லாம் யாரை மனதில் வைத்து நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும், சீனாவுக்கும் தெரியும். 2007-இல் ஐந்து நாடுகள் சேர்ந்து வங்காள விரிகுடாவில் நடத்தியபோது இடதுசாரிக் கட்சிகள் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்துக்கு எதிர்ப்புப் பயணம் போனார்கள். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யாருடைய சண்டைக்கு நாம் ஒத்திகை பார்க்கிறோம் என்று ஒரு ஜனநாயக நாட்டில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் நான் எழுத வந்தது படத்தில் வராத பயிற்சியைப் பற்றி. அதில் குண்டு வெடிக்காது, விமானம் சீறிக் கிளம்பாது. ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வேண்டுமென்றே கடலடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேறொரு நாட்டின் மீட்பு வாகனம் மேலிருந்து மெதுவாக இறங்கி, அதன் கதவின் மேல் ஒட்டிக்கொண்டு, கதவைத் திறந்து, உள்ளே இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும். அவ்வளவுதான். எந்தத் தொலைக்காட்சிக்கும் இதில் காட்ட ஒன்றும் இருக்காது.

2022 மே விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு விசாகப்பட்டினம் போனோம். அங்கே ஆர்கே கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுரா என்ற பழைய நீர்மூழ்கிக் கப்பலை மணலில் ஏற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1969-இல் கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வு பெற்ற கப்பல். ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியே வர வேண்டும். 90 மீட்டருக்கு மேல் நீளம், ஆனால் உள்ளே நடக்கும் பாதை நம் வீட்டு இடைகழியைவிடக் குறுகல். ஒவ்வொரு அறைக்கும் நடுவில் வட்டமான வாசல், காலைத் தூக்கி, தலையைக் குனிந்து, உடம்பைச் சுருட்டி நுழைய வேண்டும். எனக்கு மூன்றாவது வாசலிலேயே மூச்சு முட்டியது. அதில் 75 பேர் வாரக்கணக்கில் வெயில் படாமல் இருந்திருக்கிறார்கள். அண்ணன் மட்டும் சொந்த வீட்டுக்குள் நடப்பது மாதிரி இடுக்குகளில் உடம்பைத் திருப்பித் திருப்பிப் போய்க்கொண்டிருந்தார்.

மேலே இருந்த ஹேட்சை, அதாவது வெளியேறும் கதவைக் காட்டி அவர் என் மகளுக்கு விளக்கியதைத்தான் இங்கே அப்படியே தர முயல்கிறேன். குளியலறைச் சுவரில் ஒட்டுவோமே ரப்பர் கொக்கி, அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று போய்ச் சுவரோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமே, அதே வேலைதான். மீட்பு வாகனத்தின் அடியில் பாவாடை மாதிரி ஒரு வளையம் இருக்கும். கடலடியில் கிடக்கும் கப்பலின் ஹேட்சைச் சுற்றி ஒரு தட்டையான வட்டப் பரப்பு இருக்கும். பாவாடையை அதன் மேல் சரியாக உட்கார வைத்து, இடையில் இருக்கும் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டால், மேலே இருக்கும் மொத்தக் கடலும் சேர்ந்து வாகனத்தைக் கப்பலோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இதற்கு மேட்டிங் என்று பெயர். அப்புறம் இரண்டு பக்கமும் கதவைத் திறந்தால் ஈரம்படாமல் ஆட்கள் ஏறலாம். நம் டிஎஸ்ஆர்வியில் ஒரு தடவைக்கு 14 பேர். மேலே வந்ததும் உடனே வெளியே விட முடியாது. கப்பலுக்குள் காற்றழுத்தம் கூடியிருந்தால் அழுத்த அறையில் வைத்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உடம்புக்குள் காற்றுக் குமிழி உண்டாகி ஆளையே கொன்றுவிடும்.

"அந்த வட்டம் சரியா இல்லேன்னா?" என்று மகள் கேட்டாள்.

"ஒட்டாது மக்ளே. கதவுக்கு அந்தப் பக்கம் ஆளு உயிரோட இருப்பான், இந்தப் பக்கம் நாம இருப்போம். ஒண்ணும் செய்ய முடியாது."

கூட்டுப் பயிற்சியின் முழு அர்த்தமும் எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபட்டது. ஒவ்வொரு நாடும் வேறு வேறு இடத்தில் கப்பல் வாங்குகிறது. நம்மிடம் ரஷ்யக் கப்பல் உண்டு, ஜெர்மன் கப்பல் உண்டு, பிரெஞ்சு வடிவமைப்பில் மும்பையில் கட்டியவை உண்டு. சிங்கப்பூரிடம் ஸ்வீடன் கப்பலும் ஜெர்மன் கப்பலும். ஹேட்சைச் சுற்றியுள்ள அந்த வட்டத்துக்கு நேட்டோ ஒரு பொது அளவு வைத்திருக்கிறது, நேட்டோவில் இல்லாத நாடுகளிலும் பலர் அதையே பின்பற்றுகிறார்கள். ஆனால் காகிதத்தில் அளவு பொருந்துவது வேறு, இருட்டில், நீரோட்டத்தில், ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும் கப்பலின் மேல் போய் உட்காருவது வேறு. அதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். யார் யாரிடம் எந்த வார்த்தையில் பேசுவது, பேசும் கருவி வேலை செய்யாவிட்டால் கப்பலின் உடம்பில் எத்தனை தட்டுத் தட்டுவது, உள்ளே கரியமில வாயு ஏறிவிட்டால் முதலில் என்ன பொருளை உள்ளே அனுப்புவது, இதெல்லாம் விபத்து நடந்த அன்றைக்கு உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற விஷயமில்லை.

நீர்மூழ்கிக் கப்பலின் பலமே ரகசியம்தான். அது எங்கே இருக்கிறது என்று சொந்த நாட்டிலேயே சிலருக்குத்தான் தெரியும், அண்ணன் எத்தனையோ தடவை கடலுக்குப் போய் வந்திருக்கிறார், எங்கே போனார் என்று மைனிக்கே தெரியாது. அப்படிப்பட்ட கப்பலின் கதவு எங்கே இருக்கிறது, என்ன அளவு, எப்படித் திறப்பது என்று இன்னொரு நாட்டிடம் காட்டுவதற்குப் பெரிய மனது வேண்டும். எந்தக் கடற்படைக்கும் அது சுலபமாக வருவதில்லை. ரஷ்யாவுக்கு அந்த மனது வர 118 பேர் சாக வேண்டியிருந்தது.

2000 ஆகஸ்ட் 12. பாரன்ட்ஸ் கடலில் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கி தன் கடற்படையின் சொந்தப் பயிற்சியில் இருந்தபோது டார்பிடோ வெடித்து மூழ்கியது. ஆழம் 108 மீட்டர்தான், நங்காலா மாதிரி எட்டாத ஆழம் இல்லை. பின்பக்க அறையில் 23 பேர் உயிரோடு ஒதுங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான திமித்ரி கோலெஸ்னிகோவ் என்ற அதிகாரி இருட்டில் எழுதிய குறிப்பு பிறகு அவர் உடலோடு கிடைத்தது. ரஷ்யா தன் மீட்பு வாகனங்களை அனுப்பிப் பார்த்தது, ஹேட்சில் ஒட்ட முடியவில்லை. பிரிட்டனும் நார்வேயும் நாங்கள் வருகிறோம் என்றார்கள். ரஷ்யா அந்த உதவியை ஏற்றுக்கொள்ளவே ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. நார்வே முக்குளிப்பாளர்கள் 21-ஆம் தேதி ஹேட்சைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அந்த 23 பேரும் சில மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள் என்றுதான் விசாரணை சொன்னது, அதனால் சீக்கிரம் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் எத்தனை மணி நேரம் இருப்பார்கள் என்று மேலே இருந்தவர்களுக்கு அன்று தெரியாதே. தெரியாதபோதும் நான்கு நாள் யோசித்தார்கள்.

இதற்குப் பிறகு நாடுகளின் ஒத்துழைப்பு வேகம் பிடித்தது. அதே வருடம் அக்டோபரில் சிங்கப்பூர் பசிபிக் ரீச் என்ற பன்னாட்டு நீர்மூழ்கி மீட்புப் பயிற்சியை முதல் தடவையாக நடத்தியது. 2003-இல் இஸ்மெர்லோ வந்தது. அதே 2003 பிப்ரவரியில் நேட்டோவும் ரஷ்யாவும் நீர்மூழ்கி மீட்பில் ஒத்துழைக்க ஒப்பந்தம் போட்டன. பனிப்போர்க் காலம் முழுக்க ஒருவரை ஒருவர் மூழ்கடிக்கத் திட்டம் போட்டவர்கள் அவர்கள்.

இரண்டரை வருடத்தில் அதற்குப் பலன் கிடைத்தது. 2005 ஆகஸ்ட் 4, கம்சட்கா கடற்கரைக்கு அப்பால் ஏஎஸ்-28 என்ற சின்ன ரஷ்ய நீர்மூழ்கி வாகனம், மீன்வலையிலும் கடலடிக் கேபிள்களிலும் சிக்கி 190 மீட்டர் ஆழத்தில் நின்றுவிட்டது. உள்ளே ஏழு பேர். அது மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்ட மீட்பு வாகனம் என்பதுதான் கொடுமை, குர்ஸ்கின் ஹேட்சில் ஒட்ட முடியாமல் போன அதே வகை. இந்தத் தடவை ரஷ்யா காத்திருக்கவில்லை, மறுநாளே உதவி கேட்டது. கேட்கத் தெரிந்திருந்தது, யாரிடம் கேட்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. சில வாரங்களுக்கு முன்னால்தான் இத்தாலி அருகே நேட்டோ நடத்திய மீட்புப் பயிற்சியில் ரஷ்யக் கடற்படையினரும் பிரிட்டிஷ் மீட்புக் குழுவினரும் சந்தித்திருந்தார்கள்.

ஸ்காட்லாந்திலிருந்து ஸ்கார்ப்பியோ என்ற, மேலிருந்து இயக்கும் ஆளில்லா வாகனம் சி-17 சரக்கு விமானத்தில் ஏறிப் பாதி உலகத்தைக் கடந்து கம்சட்காவில் இறங்கியது. அமெரிக்காவும் தன் வாகனங்களைக் கொண்டு வந்து இறக்கியது. கமாண்டர் இயன் ரிச்சஸ் தலைமையில் பிரிட்டிஷ் குழு ரஷ்யக் கப்பலில் ஏறி, கேபிள்களை ஒவ்வொன்றாக வெட்டியது. நடுவில் ஒரு தடவை வாகனத்தில் கோளாறு வந்து மேலே எடுத்துச் சரிசெய்து மறுபடி இறக்கினார்கள். ஆகஸ்ட் 7 அன்று ஏஎஸ்-28 தண்ணீருக்கு மேல் வந்தது. ஏழு பேரும் தாங்களே கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். மூன்று நாளுக்கு மேல் குளிரிலும் இருட்டிலும், அசைந்தால் காற்று செலவாகும் என்று அசையாமல் படுத்துக் கிடந்தவர்கள். அந்த நிமிடத்தை வாசிக்கும்போது எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது. அண்ணனுக்கு இந்தக் கதை மனப்பாடம், ஏழு பேரில் எத்தனை பேருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பது வரை யோசித்து வைத்திருப்பார் போல.

ஆனால் அந்தக் கதவும் மூடிவிட்டது. 2014-இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டதும் நேட்டோ ரஷ்யாவுடனான நடைமுறை ஒத்துழைப்பையெல்லாம் நிறுத்தியது. ரஷ்யா செய்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உக்ரைனில் அது இப்போது செய்துகொண்டிருப்பது அதைவிடப் பெரிய கொடுமை. அப்படி ஒரு நாட்டோடு சேர்ந்து பீரங்கிப் பயிற்சி செய்ய முடியாதுதான். ஆனால் கடலடியில் சிக்கியவனை எடுக்கும் வேலையை மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருக்கலாம் என்று என் மனது சொல்கிறது. போரில்கூடக் காயம்பட்டவனுக்கு மருந்து போட ஒரு சட்டம் இருக்கிறதே. நாளைக்கே வடகடலில் எங்கோ ஒரு கப்பல் போய் அடியில் உட்கார்ந்தால், போன் எண்ணைத் தேடுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் செலவாவது உள்ளே இருப்பவனுடைய காற்று.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் என்னைப் போலக் கோபப்படவில்லை. குர்சுராவிலிருந்து வெளியே வந்து கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம், மகள் சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். கடலைக் காட்டி, "காஸி அங்கதான் கெடக்கு" என்றார். 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல். அதில் இருந்த தொண்ணூறு பேருக்கு மேல் யாரும் பிழைக்கவில்லை, அவர்களில் பெரும்பாலானோர் இன்று வரை உள்ளேயே இருக்கிறார்கள். சோவியத் யூனியனிடம் வாங்கிய ஐஎன்எஸ் நிஸ்தார் என்ற பழைய மீட்புக் கப்பலின் முக்குளிப்பாளர்கள்தான் இறங்கிப் பார்த்து அது காஸிதான் என்று உறுதி செய்தார்கள். அந்தக் கடற்கரையில் அந்த வெற்றிக்கு நினைவுச் சின்னமும் இருக்கிறது. அண்ணன் அந்த வெற்றியில் பெருமைப்படுகிறவர்தான், ஆனால் அந்தத் தொண்ணூறு பேரைப் பற்றிப் பேசும்போது எதிரி என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "நாங்க இருந்த மாதிரிதான் அவனும் இருந்திருப்பான்" என்றார்.

நம் கதையும் பெருமைப்படும்படி ரொம்ப நாள் இல்லை. பழைய நிஸ்தார் ஓய்வு பெற்ற பிறகு நம்மிடம் சொந்தமாக ஆழ்கடல் மீட்பு வாகனம் கிடையாது. நீர்மூழ்கிகளை வரிசையாக வைத்திருந்த ஒரு நாடு, விபத்து நடந்தால் அமெரிக்காவின் வாகனம் வந்து சேரும்வரை காத்திருக்கும் நிலையில் பல வருடம் இருந்தது. அண்ணன் கடலுக்குப் போன வருடங்களில் பெரும்பாலானவை அந்த வருடங்கள். பிரிட்டிஷ் நிறுவனத்திடம் இரண்டு மீட்பு அமைப்புகளை வாங்க 2016-இல் ஒப்பந்தம் போட்டு, முதலாவது 2018 டிசம்பரில் மும்பையில் சேர்ந்தது, இரண்டாவது விசாகப்பட்டினத்துக்கு வந்தது. விமானத்திலும் ஏற்றிக்கொண்டு போகலாம். ஆனாலும் அதைச் சுமக்க அதற்கென்றே கட்டிய தாய்க் கப்பல் இல்லாததால், நங்காலாவுக்குப் போனபோதுகூட வேறு வேலைக்கான கப்பலில்தான் ஏற்றிப் போனார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்னால், 2021 ஜனவரியில்தான், இந்தியாவும் சிங்கப்பூரும் நீர்மூழ்கி மீட்பில் ஒருவருக்கொருவர் உதவுவதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன. செய்தித்தாளில் அது எந்த மூலையில் வந்ததோ, நான் பார்க்கவில்லை. 2024-இல் தென் ஆப்பிரிக்காவோடும் அப்படி ஒன்று போட்டிருக்கிறார்கள். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இதன் அவசியம் புரியும். விசாகப்பட்டினத்திலிருந்து பாலிக்குக் கப்பலில் போவது பல நாள் பயணம், 72 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வழியே இல்லை. ஆகவே இந்தியப் பெருங்கடலின் ஒவ்வொரு மூலையிலும் யாரிடமாவது ஒரு வாகனம் இருக்க வேண்டும், அது எல்லாருடைய கதவுக்கும் பொருந்த வேண்டும், அதை ஓட்டுகிறவன் அந்தக் கதவை முன்பே ஒரு தடவை தொட்டிருக்க வேண்டும். இதற்கு இத்தனை கோடி செலவா என்று கேட்பவர்கள் அண்ணனுடைய அந்த மூன்று நாட்களைப் பார்த்திருக்க வேண்டும்.

2025 ஜூலை 18 அன்று விசாகப்பட்டினத்தில் புதிய நிஸ்தார் கடற்படையில் சேர்ந்தது. பழைய பெயர்தான், ஆனால் இது ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில், அந்த ஊரிலேயே கட்டியது. 118 மீட்டர் நீளம், டிஎஸ்ஆர்வியைச் சுமக்கும் தாய்க் கப்பல், 300 மீட்டர் ஆழம் வரை முக்குளிப்பாளர்களையும் இறக்கலாம். இரண்டே மாதத்தில் அதை சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள், செப்டம்பரில் நடந்த பசிபிக் ரீச் பயிற்சிக்கு. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்பாளராகவோ பார்வையாளராகவோ வந்திருந்தன. அங்கே, தென் சீனக் கடலில், நம் மீட்பு வாகனம் ஒரு தென் கொரிய நீர்மூழ்கியின் ஹேட்ச் மேல் இறங்கி ஒட்டியது. வெளிநாட்டு நீர்மூழ்கி ஒன்றோடு நம் வாகனம் இணைந்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை அண்ணன் போன் செய்தார். இந்தத் தடவை வயிறு கலங்கவில்லை, குரலிலேயே தெரிந்தது. "மக்ளே, ஒட்டிட்டானுவ! கொரியாக்காரனுக்க ஹேட்ச்சுல நம்ம பயக்க ஒட்டிட்டானுவ!" என்று கத்தினார். பின்னால் மைனி ஏதோ சொல்வது கேட்டது. என்ன என்று கேட்டதற்கு, கீழ் வீட்டுக்காரர், பால்காரர், எதிர்க் கடைக்காரர் எல்லாரையும் பிடித்து நிறுத்திக் காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், பாதிப் பேருக்கு என்னவென்றே புரியவில்லை என்றார் மைனி. அண்ணன் போனை மறுபடி வாங்கி, "பாப்பா இருக்காளா? அவகிட்ட குடு. அந்த வட்டம் சரியா இருந்துச்சுன்னு நான் சொல்லணும்" என்றார்.